மூடியில் கட்டிய நூல்

என் வீட்டுத் தொட்டியில் இருக்கும் மீன்கள் யாரையும் நம்புவதில்லை. ஒன்றை ஒன்று நம்பாது, என்னையும் நம்பாது. நானும் அவற்றை நம்புவதில்லை. அதனால்தானோ என்னவோ, எங்களுக்குள் ஆறு வருடமாக நன்றாகவே ஒத்துப்போகிறது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் என்று என் கணவர் சொல்வார். பிறவியெல்லாம் இல்லை, செய்யும் வேலையால் வந்தது. குன்னூருக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியில், இலை வாங்கும் இடத்தில் கிளார்க்காக இருக்கிறேன். சிறு தோட்டக்காரர்கள் சாக்கில் கொண்டுவரும் பச்சை இலையை எடை போடுவதற்கு முன்னால் அதற்குள் கையை விட்டுப் பார்ப்பேன். மேலே இருக்கும் இலை எப்போதும் கொழுந்தாகத்தான் இருக்கும். முழங்கை வரை விட்டு அடியில் துழாவினால்தான் தண்ணீர் தெளித்த இலையும் முற்றிய இலையும் கையில் படும். ஒரு தடவை கருங்கல் வந்தது. கொண்டுவந்தவர் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி, "அதெப்படிங்க உள்ள போச்சு?" என்று என்னையே கேட்டார். பதினெட்டு வருடம் இப்படிச் சாக்குக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பவளுக்கு யார் மேல் நம்பிக்கை வரும்?

மீன் வளர்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில்லை. மகள் பள்ளியில் படிக்கும்போது கோயமுத்தூரிலிருந்து கட்டைவிரல் அளவில் இரண்டு ஆஸ்கர் குஞ்சுகளை வாங்கி வந்தாள். கூடவே விட்டிருந்த ஏழு கலர் மீன்களையும் அவை ஒரே வாரத்தில் தின்று தீர்த்தன. மகள் தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கோ அந்த இரண்டின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. வாய்க்குள் நுழைவதைத் தின்னும், நுழையாததை விட்டுவிடும், அதில் ஒளிவுமறைவு கிடையாது. மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு மீன்கள் என்னிடமே தங்கிவிட்டன, தொட்டியும் ஆறடிக்கு வளர்ந்துவிட்டது.

நான் சொல்லப்போகும் சமயத்தில் அதில் ஐந்து மீன்கள் இருந்தன. அந்த இரண்டு ஆஸ்கர்களும் என் உள்ளங்கையை விடப் பெரிதாகியிருந்தன. உடம்பெல்லாம் கரும்புள்ளி போட்ட ஜாகுவார் ஒன்று. மேல்மட்டத்தில் வெள்ளியாக மின்னிக்கொண்டு போய்வரும் நீளமான அரவானா ஒன்று. கல்லுக்கடியில் படுத்தே கிடக்கும் பெரிய வாய்க் கெளுத்தி ஒன்று. ஐந்துமே வேட்டையாடித் தின்னும் ஜாதி. தொட்டியைக் கழுவும்போது ஜாகுவார் என் ஆள்காட்டி விரலைக் கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்படிப்பட்டவற்றை ஒரே கண்ணாடிக்குள் வைத்திருக்கச் சில முறைகள் உண்டு. எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். எதையும் பசியோடு விடக்கூடாது. முக்கியமாக, புது மீன் விடும் அன்றைக்குத் தொட்டிக்குள் இருக்கும் கற்களையும் கட்டைகளையும் ஒன்றுவிடாமல் இடம் மாற்றி வைக்க வேண்டும். பழைய மீன் ஒவ்வொன்றும் ஒரு மூலையைத் தன்னுடையது என்று பிடித்து வைத்திருக்கும். அப்படியே புதுசை உள்ளே விட்டால் அது எங்கே போனாலும் அடிதான். எல்லாவற்றையும் கலைத்துவிட்டால் பழசுக்கும் தன் இடம் எதென்று தெரியாது, அந்தக் குழப்பத்தில் சண்டை குறைந்துவிடும். இதை நான் ஒரு தடவைகூட மறந்ததில்லை.

இன்னொன்று சூடு. எங்கள் ஊர்க் குளிர் இந்த மீன்களுக்கு ஆகாது. அதற்காக இரண்டு ஹீட்டர்கள் இரவும் பகலும் தண்ணீருக்குள் கிடக்கும், தண்ணீர் எப்போதும் இருபத்தெட்டு டிகிரியில் இருக்கும். ஆகவே எங்கள் வீட்டிலேயே இதமான இடம் தொட்டியை ஒட்டிய மூலைதான். மழைக்காலத்தில் காயாத சாக்ஸை அதன் மூடி மேல்தான் போடுவோம். என் பிரம்பு நாற்காலியும் அந்த மூலையில்தான் கிடந்தது. ஒரே சிக்கல், ஹீட்டர்கள் ஓடும்போது குளியலறை கீசரையும் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் காலையில் கொஞ்ச நேரம் மட்டும் ஹீட்டர்களை அணைத்து வைப்பேன், ஏழு மணிக்குள் எல்லோரும் குளித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கீசர் சுவிட்சைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

போன ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயத்தில், நங்கையா வந்தார். எங்கள் பக்கத்தில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவோம். என் கணவரின் ஒரே அக்கா, அறுபது வயதைத் தாண்டியவர். திருப்பூரில் இருந்தார். கணவர் இறந்து வருடமாகியிருந்தது. ஒரே மகனும் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான், வாடகை வீட்டைக் காலி பண்ணிவிட்டார். இரண்டு மாதம் இருக்கட்டும் என்று என் கணவர் வேனில் அழைத்து வந்தார். ஒரு பெட்டி, ஒரு போர்வை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அவ்வளவுதான் சாமான். நாற்காலியை எதற்குக் கொண்டுவருகிறார் என்று எனக்கு அப்போதே மூக்கு வேர்த்தது. இரண்டு மாதத்துக்கு வருகிறவர் நாற்காலி தூக்கிக்கொண்டு வருவாரா?

மகளின் அறையில் அவரைப் படுக்க வைத்தேன். வடக்குப் பார்த்த அறை, சுவரெல்லாம் ஈரம். அலமாரியில் என் பழைய புடவைகள் இருந்தன, அவற்றை எடுக்கவில்லை. அவர் பெட்டி கட்டிலுக்கடியிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தொட்டி மூலையில் போட்டு, கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். என் பிரம்பு நாற்காலி கொஞ்சம் நகர்ந்திருந்தது. ராத்திரி படுக்கும் முன் அதைப் பழைய இடத்திலேயே இழுத்துப் போட்டேன், மறுநாள் சாயங்காலம் மறுபடியும் நகர்ந்திருந்தது.

அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டது. என் கணவர் பஜாரில் நீலகிரித் தைலம் வாங்கிக் கொடுத்தார். நங்கையா எங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டியதே இல்லை, வாசனை சொல்லிவிடும். கொஞ்ச நாளில் வீடு, போர்வை, சோறு எல்லாமே தைலமாக மணந்தது. முதல் வாரத்தில் தினம் மூன்று நான்கு தடவை தண்ணீர் காய வைத்துக் கையை அதில் விட்டுக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

"நங்கையா, சிலிண்டரு இந்த மேட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள தாவு தீந்து போகுதுங்க. காலையில ஒருக்காக் காய வெச்சுக்கிட்டாப் போதுமுங்களே."

"செரி அம்மிணி" என்றார். அதோடு நான் அதை மறந்துவிட்டேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சின்ன ஆஸ்கரின் வால் கிழிந்திருந்தது. யாரோ பிய்த்தது மாதிரி நுனி நார் நாராகத் தொங்கியது. எனக்கு உடனே கெளுத்தி மேல் சந்தேகம் வந்தது. பகலெல்லாம் கல்லுக்கடியில் கிடப்பவன், விளக்கை அணைத்த பிறகு என்ன செய்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அவன் வயிறும் உப்பியிருந்தது. நாலு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். அவன் எதுவும் செய்யவில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்துதான் செய்யவில்லை என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவனை மூடி போட்ட பக்கெட்டில் விட்டு, கணவரின் வேனில் மேட்டுப்பாளையம் கொண்டுபோய் மீன் கடையில் கொடுத்துவிட்டேன்.

கடைக்காரர் பக்கெட்டுக்குள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவன் கடிக்கற ஆளு இல்லீங்க அக்கா. புடிச்சா முழுசா முழுங்கிப் போடுவான். வாலக் கிழிச்சது வேற எவனோ. தண்ணிய ஒருக்காப் பாத்தீங்களா?"

பெரிய மீனைச் சும்மா கொடுக்கிறேன், சாது என்று சொல்லி விற்றுக்கொள்ள இப்போதே ஒத்திகை பார்க்கிறார் என்று நினைத்தேன். தண்ணீரைப் பற்றி எனக்கு இவரா சொல்லித்தர வேண்டும்? வாராவாரம் பாதித் தண்ணீரை மாற்றுகிறவள் நான்.

கெளுத்தி போன பிறகும் ஒன்றும் சரியாகவில்லை. அரவானா நீந்துவதை நிறுத்திவிட்டு மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது மல்லாந்து மிதந்தது. பக்கவாட்டில் செதில்கள் பெயர்ந்திருந்தன. நாலு வருடம் வளர்த்த மீன். குரோட்டன்ஸ் செடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். நங்கையா ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறவளை ஒருத்தி அப்படி உற்றுப் பார்த்தால் என்ன அர்த்தம் என்று அழுகைக்கு நடுவிலும் யோசித்தேன்.

அடுத்த சந்தேகம் ஜாகுவார் மேல். தொட்டிக்கு நடுவில் பிளாஸ்டிக் வலைத்தட்டி ஒன்றைச் செருகி, அவனை ஒரு பக்கம் தனியாகப் பிரித்து வைத்தேன். அவன் பக்கம் நாற்காலி மூலை. அடுத்த பக்கம் ஆஸ்கர்கள். பத்து நாள் போனது. எவனும் எவனையும் தொட முடியாது, ஆனாலும் ஆஸ்கர்கள் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வந்தன. நான் போடும் தீனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜாகுவார் மட்டும் ஏதோ ஒன்றுக்குக் காத்திருப்பவன்போல் நாற்காலி மூலையில் மேல்மட்டத்தில் நின்றான். டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் மேல் மெல்லிசாக எண்ணெய்ப் படலம், வானவில் நிறங்களில் மினுங்கியது.

மீன் குற்றவாளி இல்லையென்றால் மனிதர்தான். காலை எட்டுக்கு நானும் கணவரும் கிளம்பிவிடுகிறோம். சாயங்காலம் ஐந்தரை வரை வீட்டில் இருப்பது ஒரே ஆள். மீந்துபோன குழம்பைக் கொட்டுகிறாரோ? தீனி கேட்காத மீனுக்கு யாரோ வேறு தீனி போடுகிறார்கள். இல்லை, வேண்டுமென்றேதான் எதையோ ஊற்றுகிறாரோ? தொட்டி ஒழிந்தால் மூலை அவருக்கு முழுசாகக் கிடைக்கும். இப்படியெல்லாம் நினைத்தேன் என்று இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

மகளிடம் போனில் சொன்னதற்குச் சிரித்தாள். "ஒரு கேமரா மாட்டி வெச்சுரும்மா" என்றாள். மழை பெய்தால் எங்கள் சரிவில் நெட் வராது. எனக்கு நூல் போதும். ஃபேக்டரியில் சாம்பிள் டப்பாக்களுக்குக் கட்டுவது மாதிரி வெள்ளை நூலை மூடியின் கைப்பிடியிலிருந்து தொட்டியின் சட்டத்துக்கு இழுத்துக் கட்டினேன், இரட்டை முடிச்சு. மூடியைத் திறந்தால் நூல் அறுந்தே ஆக வேண்டும்.

சாயங்காலம் வந்து பார்த்தேன். நூல் அறுந்திருந்தது. அறுந்ததை யாரோ மறுபடியும் சேர்த்து முடிந்திருந்தார்கள். அதுமட்டுமில்லை, நூல் முழுக்க மஞ்சள் தடவியிருந்தது.

திருட்டுத்தனம் என்றால் அதை மறைப்பார்கள். மஞ்சள் பூசிக் கட்டுவது என்ன வேலை? மந்திரமா? அன்று சமைத்த கையோடு என் கணவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, உங்க அக்கா அந்தத் தொட்டிய என்னமோ பண்றாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. ரெண்டு மாசம்னு சொன்னீங்க, ஆயிருச்சு."

"அக்கா அப்படியெல்லாம் பண்ண மாட்டா புள்ள."

"அப்ப மீனு தானா மஞ்சத் தடவிக்கிச்சுங்களா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் விடவில்லை. நாலு நாள் இதே பேச்சு. கடைசியில் அவர் திருப்பூருக்குப் போன் போட்டார். நங்கையாவின் கொழுந்தனார் வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை இருந்தது. அந்த வீட்டில் நங்கையாவை யாருக்கும் பிடிக்காது, அது எங்கள் இருவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அக்காவிடம் சொல்லும்போது கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கையா, "செரிடா. நானே சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வியாழக்கிழமை நல்ல மழை. மத்தியானம் பெரிய சில்வர் ஓக் மரம் ஒன்று லைன் மேல் விழுந்து, ஃபேக்டரிக்குக் கரண்ட் போய்விட்டது. இரண்டரை மணிக்கே எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பின்பக்கப் படி வழியாக ஏறி, அடுப்படிக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். வேண்டுமென்றுதான் சத்தமில்லாமல் திறந்தேன். வீட்டிலும் கரண்ட் இல்லை. தொட்டியின் பம்பு ஓடாததால் வீடே அமைதியாக இருந்தது, உள்ளே யாரோ பேசுவது கேட்டது.

நங்கையா ஒரு முக்காலி மேல் ஏறி நின்றிருந்தார். மூடி திறந்திருந்தது. இரண்டு கைகளும் முழங்கை வரை தண்ணீருக்குள் இருந்தன. அந்தக் கைகளுக்கு நடுவில், என் விரலைக் கடித்த ஜாகுவார், சாய்ந்து படுத்த மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவர் கட்டைவிரலால் அவன் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி, இன்னிக்கு கரண்டு போயிருச்சாட்ட இருக்குது. குளுருதா உனக்கு? பயப்படாத, வந்துரும். நாயித்துக்கெழம நான் ஊருக்குப் போறனப்பா. அம்மிணி உன்னைய நல்லாப் பாத்துக்குவா. உங்களையெல்லாம் எப்படிச் சூடா வெச்சிருக்கறா பாரு. அந்த மனசு ஆருக்கு வரும்?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. மீனிடம் யார் குத்தலாகப் பேசுவார்கள்? நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன். ஆனால் எனக்குப் பழகிய கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"என்னங்க நங்கையா பண்றீங்க!"

அவர் பதறிக் கையை உதறியதில் ஜாகுவார் அடிக்குப் பாய்ந்தான். முக்காலி ஆடியது. ஓடிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டேன். எலும்புதான் கையில் பட்டது.

"ஒண்ணும் பண்ணல அம்மிணி. வெரலெல்லாம் வெறச்சுப் போகுது, மடக்க முடியல. இந்தத் தண்ணி சூடா இருந்துதா... அஞ்சு நிமிசம் வெச்சா வலி கேக்குது."

"தெனமுமா?"

"மத்தியானம் ஒருக்கா. நீ வாரதுக்கு முன்னால ஒருக்கா."

"சுடுதண்ணி வெச்சுக்க வேண்டியதுதானுங்களே!"

"நீதான் கேஸு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "பரவால்ல அம்மிணி. எனக்கு இதே போதுமாட்ட இருந்துது."

மூடியில் தொங்கிய மஞ்சள் நூலை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அது ஒன்றுதான் மிச்சமிருந்த குற்றச்சாட்டு.

"அது காப்புக் கயிறுன்னு நெனச்சேன். மீனு செத்துச்சுன்னு நீதான் கட்டியிருக்கறேன்னு. தெரியாமத் தொறந்து அறுத்துப் போட்டேன். அறுந்தது ஆகாதே, அதான் மஞ்சத் தொட்டு மறுக்காக் கட்டி உட்டேன்."

அவர் தோளைப் பிடித்த என் கையை மோந்து பார்த்தேன். தைலம். தொட்டி மேல் குனிந்தேன். பம்பு நின்று அசையாமல் கிடந்த தண்ணீர் மேல் அந்த வானவில் படலம். நங்கையா நாளைக்கு நாலு தடவை விரலிலும் மணிக்கட்டிலும் தைலத்தைத் தேய்த்துக்கொள்கிறவர். அந்தக் கையைத்தான் இரண்டு மாதமாகத் தினம் இரண்டு வேளை இந்தத் தண்ணீரில் விட்டிருக்கிறார். எண்ணெய் மேலே படர்ந்தால் தண்ணீருக்குள் காற்று இறங்காது. மேல்மட்டத்திலேயே திரியும் அரவானா முதலில் மூச்சு முட்டிச் செத்தது. சோர்ந்து போனவனை மற்றவன் பிய்க்காமல் விடுவானா? வால் கிழிந்தது அப்படித்தான். வீடெல்லாம் அதே வாசனையாக இருந்ததால் தண்ணீரில் அது தனியாக என் மூக்கில் படவேயில்லை. மேட்டுப்பாளையம் கடைக்காரர் தண்ணீரைப் பார்க்கச் சொன்னார். நான் கெளுத்தியைப் பார்த்தேன், ஜாகுவாரைப் பார்த்தேன், நங்கையாவைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை.

இதை அவரிடம் எப்படியோ சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் தன் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "நானா கொன்னு போட்டேன்?" என்று கேட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மீனுக்கு இருபத்தெட்டு டிகிரி. கூடவே இருக்கும் மனுஷிக்குக் காலையில் ஒரு குண்டா வெந்நீர். சட்டம் போட்டவள் நான்.

அன்று சாயங்காலமும் மறுநாளும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன். மேலே படர்ந்ததைப் பேப்பரால் ஒற்றி எடுத்தேன். சின்ன ஆஸ்கர் வெள்ளிக்கிழமை செத்துப்போனது. பெரியதும் ஜாகுவாரும் பிழைத்துக்கொண்டன. வலைத்தட்டியை எடுத்துவிட்டேன். நங்கையா மூலைப் பக்கமே வரவில்லை, வடக்கு அறையில் தன் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஜாகுவார் மட்டும் மத்தியானமானால் அந்த மூலையில் மேலே வந்து நின்றான். நான் விரலை நீட்டினால் விலகிப் போனான்.

போகாதீர்கள் என்ற ஒரு வார்த்தையைச் சொன்னால் தீர்ந்தது. அது என் வாயில் வரவில்லை. பதினெட்டு வருடம் எதிராளியிடம் குற்றம் சொல்லியே பழகிய வாய். ஆகவே தொட்டியில் எனக்குத் தெரிந்ததை வீட்டில் செய்தேன். சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு, வீட்டில் இருந்த சாமான்களை ஒன்றுவிடாமல் இடம் மாற்றினேன். வடக்கு அறைக் கட்டிலைப் பிரித்துக் கொண்டுவந்து தொட்டிக்கு மறுபக்கச் சுவரோரம் போட்டேன். டிவியைத் தூக்கி எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். என் புடவைகளை அலமாரியிலிருந்து எடுத்து மூட்டை கட்டினேன். அலமாரியையும் நகர்த்தினேன். அரிசி டப்பா, பருப்பு டப்பா, குண்டா, கரண்டி எல்லாம் தட்டு மாறின. பிரம்பு நாற்காலியை வாசல் பக்கம் தள்ளினேன். சாயங்காலம் என் கணவர் உள்ளே வந்து, கட்டிலில் இடித்துக்கொண்டு, "இது யாரூடு?" என்றார்.

நங்கையா காலியான அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"நான் போறதுக்குள்ளயே ரூமைக் காலி பண்ணிப் போட்டயா அம்மிணி?"

"அப்படி இல்லீங்க நங்கையா" என்றேன். அவர் நம்பவில்லை. எப்படி நம்புவார்?

ஞாயிற்றுக்கிழமை காலை பெட்டியும் போர்வையும் வாசலில் இருந்தன. அவர் பிளாஸ்டிக் நாற்காலியும் அவற்றோடு இருந்தது. நான் அந்த நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி மூலையில் போட்டேன். அடுப்பிலிருந்து அகலமான குண்டாவில் வெந்நீர் கொண்டுவந்து, பச்சைத் தண்ணீர் கலந்து, முக்காலி மேல் வைத்தேன்.

"உக்காருங்க நங்கையா. கைய இதுல வெய்ங்க."

உட்கார்ந்தார். ஆவி பறக்கும் தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டார்: "இதுல என்ன அம்மிணி போட்டிருக்கற?"

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சாக்கின் அடியில் கையை விடும் முன் நான் பார்க்கும் பார்வைதான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கைகளையும் வளையலோடு குண்டாவுக்குள் விட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையிலிருந்து ஒரு கையை எடுத்து உள்ளே விட்டார், அப்புறம் இன்னொன்று. வீங்கிய விரல்கள் என் விரல் மேல் பட்டன, நான் நகர்த்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜாகுவார் வந்து நின்றான்.

என் கணவர் வேன் சாவியோடு வாசலில் வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. "அக்கா, கெளம்பலாமா?" என்றார்.

நங்கையா தலையைத் தூக்கவில்லை.

"இருடா. தண்ணி இன்னும் ஆறல."

நான் எழுந்து போய் இன்னொரு குண்டா தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.